காதைப் பிடித்த கை

மடுவன்காட்டுக் குளக்கரையில் தினமும் விடிந்ததும் மயில் பெயர் கூப்பிடும். பாறைமேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு விலங்காகக் கூப்பிடும். கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் எல்லாரும் கிளம்பித் தேடிப் போவார்கள். ஒரு காலத்தில் சிறுத்தை வந்து போன இரவுகளுக்குப் பிறகு ஏற்பட்ட பழக்கம் அது.

“கரடி?”

“இருக்கேன்.”

“முயல்?”

“இருக்கேன். குடும்பத்தோட இருக்கேன்.”

“முள்ளம்பன்றி?”

“தூங்கப் போறேன்.”

“அதையா கேட்டேன்? இருக்கியா, இல்லையா?”

“இருக்கேன், இருக்கேன்.”

“மிளா?”

அத்திமரத்தின் உச்சியிலிருந்து பதில் வரும். மிளாவின் குரல் அல்ல, குரங்கின் குரல்.

“அக்கா ரொம்ப நல்லா இருக்கா!”

மயில் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

மிளா என்பது பெரிய மான். இந்த மிளாவுக்கு வயது அதிகமில்லை. நான்கு கால்களும் உறுதியாகவே இருந்தன. கண்கள்தான் இல்லை. ஒரு கோடையில் மூங்கில் புதர் தீப்பற்றி எரிந்தபோது பொறி பறந்து இரண்டு கண்களையும் தின்றுவிட்டது.

கண் போவதற்கு முன்பும் அது யாருக்கும் செல்லமாக இருந்ததில்லை. வாய் கொஞ்சம் நீளம். கரடியைப் பார்த்தால், “தேன் குடிச்சா வாயைத் துடைக்கணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?” என்று கேட்கும். மயிலைப் பார்த்தால், “இவ்வளவு அழகான தோகைக்கு இந்தக் குரலா?” என்று கேட்கும். அதனால் அதற்குக் கண் போனபோது எல்லாரும் வருத்தப்பட்டார்கள். ஆனால் பக்கத்தில் போய் இருக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

தலைவர் காட்டெருமை ஒரு கூட்டம் போட்டது.

“மிளாவை யார் பார்த்துக்கறீங்களோ அவங்களுக்குக் குளக்கரை அத்திமரம். வேற யாரும் அதுல ஒரு பழம் தொடக் கூடாது.”

குரங்கு முன்னால் வந்தது. “எனக்குக் கை இருக்கு தலைவரே. தழை பறிச்சுக் கொடுப்பேன். தண்ணிக்குக் கூட்டிட்டுப் போவேன்.”

முதலில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். இளந்தழையாகத் தேடிப் பறித்தது. காலையும் மாலையும் மிளாவின் காதைப் பிடித்து, கல் இருந்தால் கல் என்று சொல்லி, பள்ளம் இருந்தால் பள்ளம் என்று சொல்லி, மெல்லக் குளத்துக்கு நடத்தி வந்தது.

“பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்காது” என்று முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பிறகு குரங்குக்கு அலுத்தது. யாருக்கும் அலுக்கும். ஆனால் அலுப்பாக இருக்கிறது என்று அது வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அத்திமரம் போய்விடும். அதனால் இளந்தழை காய்ந்த தழை ஆனது. மாலைத் தண்ணீர் நின்றது. மிளா ஏதாவது சொன்னால் காதை முறுக்கியது. முறுக்கியதும் மிளா பேச்சை நிறுத்தியது. ஒரு சின்ன முறுக்குக்கு இவ்வளவு பெரிய உடம்பு அடங்குகிறதே என்று குரங்குக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியம் அதற்குப் பிடித்துப்போனது.

ஒருநாள் அது தலைவரிடம் போனது. “அக்காவுக்கு வெயில் ஆகலை தலைவரே. அருவிக்குப் பின்னால குளுகுளுன்னு ஒரு புதர் இருக்கு. அங்க மாத்திடறேன்.”

“நல்ல யோசனை. உனக்கு எவ்வளவு அக்கறை” என்றது காட்டெருமை.

குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஓடை பாறையிலிருந்து விழும் இடம் அது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. இதை யாரும் யோசிக்கவில்லை. குரங்கு மட்டும் யோசித்திருந்தது.

புதரின் வாசலில் இலந்தை முள்ளை இழுத்துப் போட்டு அடைத்தது. எப்போதாவது யாராவது பார்க்க வந்தால் உதட்டில் விரல் வைத்தது.

“இப்பத்தான் கண் அசந்தா. எழுப்பினா முட்டிடுவா. அவ சுபாவம் உங்களுக்குத் தெரியாததா?”

தெரிந்ததுதான். வந்தவர்கள் கொண்டுவந்த தழையைக் குரங்கிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும்போது மனதுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மிளாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பித்தோமே!

அந்த வருடம் மழை பொய்த்தது. கோடை வந்ததும் ஓடை இளைத்தது. அருவி மெலிந்து மெலிந்து, பாறைமேல் ஒட்டிய ஈரக்கோடாக ஆகிவிட்டது. இரைச்சல் அடங்கியது. குரங்கு அத்திப்பழ மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது முள்ளம்பன்றி.

முள்ளம்பன்றிக்கு இரவில்தான் பிழைப்பு. எல்லாரும் தூங்கும்போது கிழங்கு தோண்டும். எல்லாரும் எழுந்திருக்கும்போது படுக்கப் போகும். உடம்பெல்லாம் முள் என்பதால் பக்கத்தில் வந்து உட்காரவும் யாரும் இல்லை. காலையில் மயிலுக்கு ‘இருக்கேன்’ என்று சொல்வதுதான் அநேகமாக அதன் ஒருநாள் பேச்சு.

அன்றும் சொல்லிவிட்டு, வாயில் ஒரு தண்ணீர்விட்டான் கிழங்கைக் கவ்விக்கொண்டு, தன் வளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அருவிப் பாறையைத் தாண்டும்போது நின்றது.

“தண்ணி” என்றது ஒரு குரல்.

முள்ளம்பன்றி கிழங்கைக் கீழே வைத்தது. “யாரு? மிளாவா?”

குரல் சட்டென்று மாறியது. “நான் ஒண்ணும் கேக்கலை. நல்லா இருக்கேன். குறை ஒண்ணும் இல்ல.”

“இப்பத்தானே தண்ணின்னு கேட்ட? நான் முள்ளம்பன்றி.”

“இந்தத் தடவை ஏமாற மாட்டேன். போன தடவை கரடி மாதிரிக் குரலை மாத்திப் பேசின. நானும் நம்பி அழுதேன். அதுக்கு என்னை எவ்வளவு பட்டினி போட்ட! போதும் குரங்கே. நான் நல்லா இருக்கேன்.”

முள்ளம்பன்றியின் முதுகு முட்கள் தாமாகவே எழுந்து நின்றன. வாசலில் கிடந்த இலந்தை முள்ளை அது மூக்காலேயே தள்ளியது. முள்ளம்பன்றிக்கு முள் என்ன செய்யும்? உள்ளே போய்ப் பார்த்தது.

காட்டிலேயே பெரிய மான் அங்கே எலும்பும் தோலுமாக நின்றிருந்தது. விலாவை எண்ணிவிடலாம். இடது காது மடங்கி, வெடித்து, ஈ மொய்த்தது.

“மூக்கை நீட்டு” என்றது முள்ளம்பன்றி.

“எதுக்கு?”

“நீட்டேன்.”

மிளா பயந்து பயந்து மூக்கை நீட்டியது. முள்ளம்பன்றி தன் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

“ஐயோ! குத்துது.”

“குரங்கு உடம்பு குத்துமா?”

 மிளா திரும்ப ஒருமுறை மூக்கை நீட்டி, தானாகவே குத்திப் பார்த்துக்கொண்டது.

“முள்ளு, நிஜமாவே நீதானா? நீ மட்டும் எப்படி இங்க? எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்களே.”

“யார் போனது?”

“குளம் வத்திப்போச்சு, எல்லாரும் கிளம்பிட்டாங்கன்னு குரங்கு சொல்லுச்சு. எனக்காகத்தான் அவன் ஒருத்தன் இருக்கானாம். அவனும் போயிட்டா நான் செத்துடுவேனாம்.”

“குளத்துல தண்ணி குறைஞ்சிருக்கு. ஆனா இருக்கு. எல்லாரும் இருக்காங்க. இப்பக்கூட மயில் உன் பேரைக் கூப்பிட்டுச்சு.”

“என் பேரையா? அந்தச் சத்தமும் குரங்கு வேலைன்னு நினைச்சேனே. நிஜமாவே கூப்பிடுதா?”

“தினமும்.”

 முள்ளம்பன்றி வெளியே போய்க் கிழங்கை எடுத்து வந்து அதன் வாயருகே உருட்டியது. தண்ணீர்விட்டான் கிழங்கில் பேருக்கேற்ற ஈரம் உண்டு. மிளா அதை மென்ற வேகத்தைப் பார்க்க முள்ளம்பன்றிக்குச் சகிக்கவில்லை.

“தலைவரைக் கூட்டிட்டு வரேன்.”

“வேண்டாம் முள்ளு. எல்லாரும் வருவாங்க, பார்ப்பாங்க, போயிடுவாங்க. அப்புறம் நானும் அவனும்தான் இருப்போம்.”

தூரத்தில் கிளை ஆடியது. குரங்கு வந்துகொண்டிருந்தது. முள்ளம்பன்றி முள்வாசலைப் பழையபடி இழுத்துவிட்டு, “நான் திரும்ப வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனது.

அது தூங்கவில்லை. நேரே குளக்கரைக்கு ஓடியது.

“தலைவரே, மிளாவைக் குரங்கு பட்டினி போடுது. காதைப் பிய்க்குது.”

குளத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரடி சிரித்தது. “ராத்திரி முழுக்கத் தோண்டிட்டு, பகல்ல கனவு காண்றியா மாப்ள?”

“கண்ணால பார்த்தேன்.”

“குரங்கு அப்படிப்பட்டவன் இல்லப்பா” என்றது முயல். “நான் தழை கொண்டுபோனப்பகூட, அக்கா தூங்குறா, மெல்லப் பேசுன்னு சொன்னானே.”

“தூங்குறாளான்னு நீ பார்த்தியா?”

முயல் காதைச் சொறிந்தது.

காட்டெருமை நியாயமான தலைவர். புகார் வந்தால் விசாரிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். “சரி, எல்லாரும் வாங்க. நேர்லயே கேட்டுடுவோம். குரங்கையும் கூப்பிடுங்க. அவன் இல்லாம அவன் வீட்டுக்குள்ள போறது மரியாதை இல்ல.”

அங்கேதான் தப்பு நடந்தது.

குரங்கு முன்னால் ஓடி முள்ளை விலக்கி வைத்தது. புதிதாகப் பறித்த பச்சைத் தழையை மிளாவின் முன்னால் பரப்பியது. “அக்கா, பாரு, உன்னைப் பார்க்க யாரெல்லாம் வந்திருக்காங்க” என்று பாசமாகச் சொல்லி, காதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது.

காட்டெருமை தொண்டையைக் கனைத்தது. “மிளா, குரங்கு உன்னை நல்லாப் பார்த்துக்கறானா?”

குரங்கின் விரல்கள் மெல்ல மடங்கின.

“நல்லாப் பார்த்துக்கறான்.”

“சாப்பாடு, தண்ணி?”

“குறை ஒண்ணும் இல்ல.”

“இளைச்சிருக்காளே?” என்றது மயில்.

“சாப்பிட அடம் பிடிக்கிறா. நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்” என்று குரங்கு பெருமூச்சு விட்டது.

“காதுல என்ன காயம்?”

“கண் தெரியாம முள்ளுல மாட்டிக்கிட்டா. நான்தான் பச்சிலை வச்சுக் கட்டினேன். இல்லையா அக்கா?”

“ஆமா” என்றது மிளா.

காட்டெருமை திரும்பி முள்ளம்பன்றியைப் பார்த்தது. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். “நல்லவன் மேல இப்படிப் பழி போடலாமா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். கரடி போகிற போக்கில் குரங்கின் முதுகில் தட்டிக்கொடுத்தது.

முள்ளம்பன்றி மட்டும் நகரவில்லை. அதன் கண் ஒரே இடத்தில் இருந்தது. கேள்வி முடியும்வரை, பதில் முடியும்வரை, எல்லாரும் முதுகைத் திருப்பிய பிறகும், குரங்கின் கை அந்தக் காதை விடவேயில்லை.

அன்று முள்ளம்பன்றி வளைக்குப் போகவில்லை. அருவிப் பாறைக்குக் கீழே சருகில் படுத்துக்கொண்டது. குரங்கு புதரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தது. உள்ளே போக வழியில்லை. சாயங்காலம் புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல்கூட இல்லை. கத்தலை விழுங்குகிற சத்தம்.

முள்ளம்பன்றி எழுந்தது. காட்டெருமை சேற்றில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நேரே எதிரில் நின்றது.

“மறுபடியுமா?” என்றது காட்டெருமை. “கேட்டாச்சு. அவளே பதில் சொல்லியாச்சு. இன்னும் என்னய்யா உனக்கு?”

“பதில் சொன்னப்ப அவ காது எங்க இருந்துச்சு தலைவரே?”

“எங்க இருக்கும்? தலையிலதான்.”

“குரங்கு கையில இருந்துச்சு.”

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தியது.

“உங்க காதை நான் முறுக்கிப் பிடிச்சுக்கறேன்னு வச்சுக்குங்க. பிடிச்சுக்கிட்டே, முள்ளம்பன்றி நல்லவனான்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“உன்னை முட்டித் தூக்கிப் போடுவேன்.”

“கண்ணும் தெரியாம, தொண்டையும் காஞ்சு, என்னை விட்டா உங்களுக்குத் தண்ணி காட்ட நாதி இல்லைன்னா?”

சேற்றில் குமிழி ஒன்று வந்து உடைந்தது. 

“தனியாக் கேட்டிருக்கணும்” என்றது காட்டெருமை கடைசியில்.

“இப்பவும் கேக்கலாம்.”

“எப்படி? புகார் வந்ததுல இருந்து அவன் அந்தப் புதரை விட்டு நகர மாட்டான். ‘வெளிய போ’ன்னு நான் சொன்னா, என்மேல சந்தேகமான்னு ஊரைக் கூட்டி அழுவான். எல்லாரும் அவன் பக்கம்.”

“அதனாலதான் அவனைத் திட்டிக் கூப்பிடக் கூடாது. பாராட்டிக் கூப்பிடுங்க.”

மறுநாள் காலையில் மயில் பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும் காட்டெருமை பாறையருகே வந்தது.

“நேத்து ஒரு நல்ல மனசை நாம புண்படுத்திட்டோம். இன்னிக்குக் குரங்குக்குப் பாராட்டு விழா. கரடி பேசும்.”

கூட்டம் ஆரவாரம் செய்தது. பதில் சொல்ல மட்டும் ஒரு நிமிடம் அத்திமரத்துக்கு வந்திருந்த குரங்கு பதறியது. “எனக்கு எதுக்கு தலைவரே இதெல்லாம்? என் கடமையைத்தானே செய்யறேன். அக்காவைத் தனியா விட்டுட்டு நான் எப்படி…”

“பாருங்க, இந்த நேரத்துலயும் அக்கா நினைப்பு!” என்று முயல் தழுதழுத்தது. அதற்குமேல் குரங்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து அதைப் பாறைமேல் ஏற்றி உட்காரவைத்தார்கள். கழுத்தில் காட்டுமல்லிக் கொடியைப் போட்டார்கள். அது கிளம்பப் பார்த்தபோதெல்லாம், “கூச்சப்படறான்” என்று அன்பாகப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

கரடி பேச ஆரம்பித்தது. கரடி பேச ஆரம்பித்தால் தேன்கூடு காலியானாலும் பேச்சு காலியாகாது. இது காட்டெருமைக்குத் தெரியும். அது சேற்றுக்குப் போவது போல நழுவியது. முள்ளம்பன்றி பின்னால் போனது.

புதர் வாசலில் நின்று காட்டெருமை குரல் கொடுத்தது. “மிளா, நான் தலைவர் வந்திருக்கேன். எப்படி இருக்க?”

“நல்லா இருக்கேன். குறை ஒண்ணும் இல்ல.”

காட்டெருமையின் முகம் விழுந்தது. முள்ளம்பன்றியைப் பார்த்து, “இப்பவும் அதையேதானே சொல்றா?” என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பியது.

முள்ளம்பன்றி குறுக்கே வந்து நின்றது. முள்ளெல்லாம் விரிந்திருந்தது. “நில்லுங்க தலைவரே. இத்தனை மாசம் யாரும் நிக்கலை. நீங்களாவது நில்லுங்க.”

காட்டெருமை நின்றது.

முள்ளம்பன்றி உள்ளே போய் மிளாவின் எதிரில் உட்கார்ந்தது. “நான்தான், முள்ளு. குத்திப் பார்த்துக்க. குரங்கு இங்க இல்ல. உன் காது யார் கையிலயும் இல்ல. ஆட்டிப் பாரு.”

மிளா அசையவில்லை. பிறகு வலது காதை மட்டும் லேசாக ஆட்டியது. யாரும் பிடிக்கவில்லை. இடது காதை ஆட்டியது. வலித்தது. ஆனாலும் யாரும் பிடிக்கவில்லை. இரண்டு காதுகளும் மெல்ல மெல்ல நிமிர்ந்து, குளம் இருக்கும் திசைக்குத் திரும்பின. இரைச்சல் இல்லாத அருவிக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

“யார் சிரிக்கிறது?”

“முயல் குடும்பம்.”

“அந்தக் கட்டைக்குரல்?”

“கரடி. கூட்டத்துல பேசுது.”

“இன்னுமா வாயைத் துடைக்காம பேசறான்?” என்று கேட்டது மிளா. அதன் குரல் உடைந்தது. “அப்ப யாரும் போயிடலை, எல்லாரும் இங்கதான் இருக்காங்க. தலைவரே, நான் நல்லா இல்ல. எனக்குத் தண்ணி வேணும்.”

 காட்டெருமை குனிந்து, ஒரே முட்டில் இலந்தை முள்ளையெல்லாம் வாரித் தூர எறிந்தது.

“வா, நான் காதைப் பிடிச்சு…” என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. “எப்படிக் கூட்டிட்டுப் போகட்டும்? நீயே சொல்லு.”

“யாரும் பிடிக்க வேண்டாம். முன்னால சத்தம் கொடுத்துக்கிட்டே போங்க. நான் வரேன்.”

முள்ளம்பன்றி தன் வால் முட்களைச் சலசலவென்று ஆட்டியது. உலர்ந்த காய்களைக் குலுக்குவது போன்ற சத்தம். அது முன்னால் நடந்தது. மிளா பின்னால் நடந்தது. இரண்டு இடத்தில் கால் இடறியது. இரண்டு தடவையும் சத்தம் நின்று காத்திருந்தது.

பாறையருகே கரடி உச்சத்தில் இருந்தது. “கண்ணில்லாத அந்த ஜீவனுக்கு இந்தக் குரங்குதான் கண்ணு, இந்தக் குரங்குதான் காலு, இந்தக் குரங்குதான்…”

அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

வெயிலில், பட்டப்பகலில், அவர்கள் மிளாவை முழுதாகப் பார்த்தார்கள். ஒடுங்கிய வயிறு தெரிந்தது. விலாவில் வரி வரியாக முள் கிழித்த தழும்பு. கிழிந்த காது. நேற்று புதரின் இருட்டில் இதையெல்லாம் யாரும் பார்த்திருக்கவில்லை. பார்க்க முயலவும் இல்லை.

குரங்கு பாறையிலிருந்து குதித்து ஓடி வந்தது. “அக்கா, விழுந்துடப் போற, வா” என்று கையை நீட்டியது.

கை காதுக்குப் பக்கத்தில் வந்த மாத்திரத்தில், அந்த வாசனையிலேயே, மிளாவின் உடம்பு முழுக்கச் சுருங்கி மண்டியிட்டது.

 யாரும் எதுவும் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று.

மிளா மெதுவாக முட்டியை ஊன்றி எழுந்தது. “கையை எடு” என்றது. சின்னக் குரல்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

குரங்கு கையை எடுத்தது.

மிளா நடந்து போய்த் தண்ணீரில் வாயை வைத்தது. குடித்தது. மூச்சு வாங்கியது. திரும்பக் குடித்தது. அது குடித்து முடியும்வரை காடு முழுவதும் காத்திருந்தது.

“எங்களுக்குத் தெரியாதே மிளா” என்று முயல் அழுதது. “நாங்க தினமும் கேட்டோமே, நேர்லகூட வந்து கேட்டோமே.”

“கேட்டீங்க. அவன்கிட்டக் கேட்டீங்க. இல்லாட்டி அவன் காதுல விழுற மாதிரி என்கிட்டக் கேட்டீங்க.”

குரங்குக்குக் கோபம் வந்தது. மல்லிக்கொடியைப் பிய்த்து எறிந்தது. “இவ வாயைத் தாங்க உங்கள்ல யாராலயாவது முடியுமா? எல்லாரும் விலகினப்ப நான் ஒருத்தன்தான் வந்தேன். நான் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றது காட்டெருமை. “கஷ்டமா இருக்குன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா, ஆளுக்கு ஒரு நாள்னு நாங்களும் எடுத்துக்கிட்டிருப்போம். தப்பு எங்கமேலயும் இருக்கு. ஒருத்தன் தலையில கட்டிட்டு, மரத்தைக் கொடுத்து மறந்துட்டோம். ஆனா களைச்சுப்போனவன் உதவி கேப்பான். நீ வாசல்ல முள்ளைப் போட்டே.”

“என் வாய் நீளம்தான்” என்றது மிளா. “அதுக்குத் தண்ணி தரக் கூடாதுன்னு எந்தக் காட்டுச் சட்டம்?”

 குரங்கு அத்திமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. காட்டெருமை கொம்பைத் தாழ்த்தி ஓரடி முன்னால் வைத்தது. குரங்கு ஓடை தாண்டி, மலை தாண்டி ஓடியது. அதன் வாலைக்கூடப் பிறகு அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை. மலைக்கு அப்பால் உள்ள விலங்குகளுக்கு மயில் சேதி அனுப்பியது, அங்கே கண் தெரியாதவர், கால் முடியாதவர் யாரும் அதன் கையில் சிக்காமல் இருப்பதற்காக.

“சரி, அடுத்து மிளாவை எங்க வைக்கலாம்?” என்று காட்டெருமை கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது. “மேற்கு மேட்டுல ஒரு மான் கூட்டம் இருக்கு. அங்க அனுப்பிட்டா…”

“என்னை மூட்டையா கட்டப் போறீங்களா?” என்றது மிளா. “கண்ணுதான் போச்சு, நான் போகலை. என்கிட்டக் கேளுங்க.”

கரடி வாயை மூடிக்கொண்டு சிரித்தது. பழைய மிளா திரும்பிவிட்டது.

காட்டெருமை தலையைத் தாழ்த்தியது. “நீ எங்க இருக்க ஆசைப்படற?”

“இங்கதான், இந்த அத்திமரத்தடியில. உங்க எல்லார் சத்தமும் கேக்குற இடத்துல. மரம் ஒருத்தருக்கும் வேண்டாம். என்கிட்ட வந்து உட்கார்ந்து பேசுறவங்க ஆளுக்கு ரெண்டு பழம் தின்னுட்டுப் போகட்டும். யார் தழை கொண்டு வந்தாலும் சரி. ஆனா ஒரே ஆள் தினமும் வேண்டாம்.”

அப்படியே முடிவானது. முயல் வந்தது, மயில் வந்தது. கரடி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்குப் போகும் நேரத்தில் யாராவது முன்னால் சத்தம் கொடுத்துக்கொண்டு நடந்தார்கள். முள்ளம்பன்றி மட்டும் தினமும் விடியும்போது, வேலை முடித்து வரும் வழியில், ஒரு கிழங்கோடு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் உட்கார மிளாவுக்குப் பயமில்லை. எந்தப் பக்கம் முள் என்று அதற்குத் தெரியும்.

மிளா மரத்தடிக்கு வந்த மறுநாள் காலையில் மயில் வழக்கம்போலப் பாறைமேல் ஏறியது. கரடி இருந்தது, முயல் இருந்தது, முள்ளம்பன்றி இருந்தது.

“மிளா?”

பழக்கதோஷம், எல்லாரும் அத்திமரத்தின் உச்சியைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.  மயில் அடுத்த பெயருக்குப் போகவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

“இருக்கேன். உன் குரல்தான் இன்னும் அப்படியே இருக்கு, மயிலே!”

பிறர் கையை நம்பி வாழ்கிறவர் நலமா என்று அறிய வேண்டுமானால், அந்தக் கை பக்கத்தில் இல்லாதபோது அவரிடமே கேட்க வேண்டும், கேட்டுவிட்டு உண்மையான பதில் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.